14 அணிகள், 107 வெற்றி, 133 தோல்வி: எட்வின் ஜாக்சன் தோற்றவரா?

பிரபு கேட்டது, ஜூலை 23, 2025

பேஸ்பாலில் பந்து போடும் பிட்சர் ரிச் ஹில் நேற்று கான்சாஸ் சிட்டி ராயல்ஸுக்காகப் பந்து போட்டதோடு 14 அணிகளுக்கு ஆடியவர் ஆகிவிட்டார். ஓய்வு பெற்ற பிட்சர் எட்வின் ஜாக்சனின் சாதனை சமன். 45 வயதில் ஹில் அமெரிக்காவின் உயர்மட்ட மேஜர் லீகில் நிற்பது பெரிய விஷயம்தான். ஆனால் ஜாக்சனை எல்லாரும் ஏன் கொண்டாடுகிறீர்கள்? 107 வெற்றி, 133 தோல்வி. 13 அணிகள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஆள். இது சாதனையா?

என் பதில், ஜூலை 23, இரவு

தள்ளிவிட்டது யார், எப்போது என்று வரிசையாகப் பாருங்கள். டாட்ஜர்ஸ், டாம்பா பே, டெட்ராய்ட், அரிசோனா, சிகாகோ வைட் சாக்ஸ். இந்த முதல் ஐந்து அணிகளும் ஜாக்சனை டிரேடில் கொடுத்து பதிலுக்கு ஆட்களை வாங்கின. ஆறாவது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், ஏழாவது வாஷிங்டன் நேஷனல்ஸ். இரண்டிலிருந்தும் ஒப்பந்தம் முடிந்து அவராக வெளியே வந்தார். "நீ வேண்டாம், போ" என்று அவரிடம் முதன்முதலாகச் சொன்னது எட்டாவது அணியான சிகாகோ கப்ஸ். அது 2015. அவர் மேஜர் லீகில் நுழைந்து பன்னிரண்டாவது வருடம்.

தள்ளிவிடப்பட்ட ஆளுக்கு மாற்றாக யாரும் நல்ல ஆட்டக்காரரைத் தர மாட்டார்கள்.

ஜூலை 24

பிரபு மறுபடி தோல்விக் கணக்கைக் காட்டியிருக்கிறார். சரி, அதையும் பார்ப்போம். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும்.

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஆட்டத்தை ஆரம்பித்துப் பந்து போடும் ஸ்டார்டிங் பிட்சர்கள் ஐந்து பேர் முறை வைத்துப் போடுவார்கள். ஒரு முறையும் தவறாமல் போட்டால் ஒருவருக்கு 32, 33 ஆட்டம் வரும். ஜாக்சன் 2007 முதல் 2013 வரை ஏழு வருடம் தொடர்ந்து 31 ஆட்டத்துக்குக் குறையாமல் ஆரம்பித்திருக்கிறார். தோள்பட்டை போனது, முழங்கை போனது என்று பிட்சர்கள் மாதக்கணக்கில் உட்காருகிற ஆட்டம் இது. அதில் ஏழு வருடம் முறை வந்தபோதெல்லாம் போய் நின்றவர்.

133 தோல்வி அடைய வேண்டுமென்றால் அத்தனை தடவை ஒரு மேனேஜர் நம்பிப் பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். சரியில்லாத பிட்சரை இருபது, முப்பது தோல்விக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மொத்தக் கணக்கில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.78 ரன் விட்டுக்கொடுத்தவர். அது சுமார்தான். அவரை மகத்தான பிட்சர் என்று நானும் சொல்லவில்லை. சுமாரான ஆள் பதினேழு வருடம் இந்த ஆட்டத்தில் தாக்குப்பிடித்ததைத்தான் சொல்கிறேன்.

ஜூலை 24, கொஞ்ச நேரம் கழித்து

ஆரம்பத்தை எழுதாமல் விட்டுவிட்டால் கதை புரியாது.

அப்பா அமெரிக்க ராணுவத்தில். ஜாக்சன் பிறந்தது ஜெர்மனியில், நொய்-உல்ம் என்ற ஊரில், 1983 செப்டம்பர் 9. படித்து வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸில். 2001-இல் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டாட்ஜர்ஸ் ஆறாவது சுற்றில் எடுத்தார்கள். 2003 செப்டம்பர் 9, சரியாக இருபதாவது பிறந்தநாளன்று முதல் மேஜர் லீக் ஆட்டம். எதிரே அரிசோனாவின் ராண்டி ஜான்சன், வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஐந்து தடவை வாங்கியவர். ஜாக்சன் ஆறு இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்தார், டாட்ஜர்ஸ் 4-1 என்று ஜெயித்தது.

இப்படி ஒரு ஆரம்பம் கிடைத்த பையனிடம் எல்லாரும் அடுத்த வாரமே அதையே எதிர்பார்ப்பார்கள். 2004, 2005 இரண்டு வருடமும் கீழ்மட்ட மைனர் லீகுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்தார். 2006 ஜனவரியில் டாம்பா பேவுக்கு டிரேட். அங்கே 2007-இல் 5 வெற்றி, 15 தோல்வி. அடுத்த வருடமே 14 வெற்றி, 11 தோல்வி. அந்த 2008-இல்தான் கடைசி இடத்திலேயே கிடந்த டாம்பா பே லீகின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. சீசன் முடிந்ததும் ஜாக்சன் டெட்ராய்டுக்கு டிரேட்.

ஜூலை 25

டெட்ராய்ட் பற்றிக் கேட்ட தம்பிக்கு.

ஆமாம், 2009-இல் டெட்ராய்ட் அணியின் மைதானமான காமெரிகா பார்க்கில் அவர் பந்து போட்டதைப் பார்த்தேன். பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் புல்பென் பக்கமாக உட்கார்ந்திருந்ததால் ஆட்டத்துக்கு முன்னால் அவர் கையைச் சூடுபடுத்தியது கிட்டத்தில் தெரிந்தது. உடம்பில் அவசரமே இல்லை. கால் மெதுவாக எழும்பும், கை சுலபமாகச் சுற்றும், பந்து மட்டும் கேட்சர் கையுறையில் 'பட்'டென்று போய் விழும். பக்கத்தில் சோளப்பொரி தின்றுகொண்டிருந்த என் பெண் அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வருடம் 13 வெற்றி, 9 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.62 ரன். லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு 2009 என்றால் வேறு ஞாபகம். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்துக்குப் போன வருடம். நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரையும் ஒரே வாரத்தில் நிறுத்தினார்கள். அடுத்த வேலை இந்தியானாவில் கிடைத்தது. குடும்பம் இங்கே, நான் அங்கே. டிசம்பரில் ஜாக்சனை டெட்ராய்ட் அரிசோனாவுக்கு அனுப்பியது என்ற செய்தியை அங்கே வாடகை அறையில்தான் படித்தேன். ஆல் ஸ்டார் ஆன வருடமே அனுப்புகிறார்களே என்று எனக்கு அன்று ஆறவே இல்லை.

ஜூலை 25, தொடர்ச்சி

ஆனால் அந்த டிரேடை டெட்ராய்ட் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் செய்தது புத்திசாலித்தனம். நியூயார்க் யாங்கீஸும் சேர்ந்த மூன்று அணி டிரேட் அது. டெட்ராய்டுக்கு வந்தவர்களில் ஒருவர் மேக்ஸ் ஷெர்ஸர். பின்னால் மூன்று சை யங் விருது வாங்கினார், அதில் ஒன்று டெட்ராய்ட் சட்டையிலேயே. ஷெர்ஸரைக் கொடுக்க ஒரு அணியைச் சம்மதிக்க வைக்கும் அளவுக்கு ஜாக்சனுக்கு அன்று மதிப்பு இருந்தது. பிரபு இதைக் கவனிக்க வேண்டும்.

ஜூலை 27

ஜாக்சன் போட்ட நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் (அடித்து பேஸைப் பிடிப்பது) கூடக் கொடுக்காத ஆட்டம் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டீர்கள், அதிலும் இரண்டு பேர் அதை "அசிங்கமான நோ-ஹிட்டர்" என்று. நான் அப்படி நினைக்கவில்லை.

2010 ஜூன் 25, டாம்பா பேவின் டிராபிகானா ஃபீல்ட். ஜாக்சனின் பழைய அணி, பழைய மைதானம், இப்போது அரிசோனா சட்டையில் வருகிறார். நான்கு பந்து தவறினால் அடிப்பவர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்துவிடுவார். வாக் என்பது இதுதான். அந்த மாதிரி முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு பேரை அனுப்பினார். மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. ஒரு அடி சரியாகப் பட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். படவில்லை. ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன் ஒன்றுதான் மொத்த ஆட்டத்துக்கும் ரன், 1-0.

கடைசிவரை ஒரு ஹிட் கூட இல்லை. எட்டு வாக், 149 பந்து. நூறு பந்து தாண்டினாலே பிட்சரை வெளியே எடுக்கிற காலம் அது. அரிசோனா மேனேஜர் ஹின்ச் எடுக்கவில்லை.

நான் அந்த ஆட்டத்தை முழுசாக இரண்டாம் தடவை பார்த்தபோது கவனித்தது நான்காவது இன்னிங்ஸிலிருந்து நடந்ததைத்தான். ஏழு பேரை நடக்கவிட்ட ஆள் மிச்சம் ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒருவரைத்தான் நடக்கவிட்டார். நடு ஆட்டத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன்னைச் சரிசெய்துகொண்டார். சுத்தமாக ஆரம்பித்துச் சுத்தமாக முடித்த நோ-ஹிட்டர்களை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஹின்ச்சை ஒரு வாரத்துக்குள் அரிசோனா வேலையை விட்டு நீக்கியது. ஜூலை 30-இல் ஜாக்சனும் வைட் சாக்ஸுக்கு டிரேட். அரிசோனா அணியின் வரலாற்றில் ராண்டி ஜான்சனுக்கு அடுத்து நோ-ஹிட்டர் போட்ட இரண்டாவது ஆள், அதற்கப்புறம் ஐந்தே வாரம்தான் அங்கே இருந்தார்.

ஜூலை 28

"டொராண்டோவை இரண்டு தடவை எண்ணினால் 15 வருமே" என்று கேட்டவருக்கு: வராது.

2011 ஜூலை 27 அன்று வைட் சாக்ஸ் ஜாக்சனை டொராண்டோ புளூ ஜேஸுக்குக் கொடுத்தது. அதே நாள் டொராண்டோ அவரை கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. சில மணி நேரம் காகிதத்தில் மட்டும் டொராண்டோ ஆள். களத்தில் இறங்கினால்தான் கணக்கு. டொராண்டோவுக்காக அவர் உண்மையில் பந்து போட்டது எட்டு வருடம் கழித்து, 2019 மே 15, சான் பிரான்சிஸ்கோவில். அன்றைக்குத்தான் 14 என்ற எண் வந்தது.

ஜூலை 28, இரவு

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011-இல் டொராண்டோவிலிருந்து கார்டினல்ஸுக்கு ஜாக்சனோடு போனவர்களில் ஒருவர் ஆக்டேவியோ டோட்டல். அடுத்த வருடம் 13-ஆவது அணிக்கு ஆடி அதுவரை யாருக்கும் இல்லாத கணக்கை எழுதியவர். சாதனையை வைக்கப் போகிறவரும் அதை முறியடிக்கப் போகிறவரும் ஒரே டிரேடில் போய், ஒரே அணியில் அந்த அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார்கள்.

டோட்டல் இந்த ஏப்ரலில் சாண்டோ டொமிங்கோவில் ஜெட் செட் கேளிக்கை விடுதியின் கூரை இடிந்து விழுந்ததில் இறந்துபோனார். ஹில் பற்றி வருகிற செய்திகளில் ஒரு வரியிலாவது டோட்டல் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டு மூன்று கட்டுரை படித்துவிட்டேன், ஒன்றிலும் காணோம்.

ஜூலை 30

ராயல்ஸ் ஹில்லை அணிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டே ஆட்டம். "பார்த்தீர்களா" என்று பிரபு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். 2015-இல் மேஜர் லீகோடு சேராத சுயேச்சை லீகில் லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்தவர் ஹில். அதற்கு அடுத்த வருடக் கடைசியில் டாட்ஜர்ஸ் மூன்று வருடத்துக்கு 48 மில்லியன் டாலர் கொடுத்தது. அப்போது அவருக்கு 36 வயது. இவருடைய பாதை ஜாக்சனுக்கு நேர் எதிர். ஜாக்சன் இளமையில் விலைபோனவர், ஹில் நடுவயதில் விலைபோனவர். 14 என்ற எண் இருவருக்கும் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஆகஸ்ட் 2

நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். "டிரேட் என்றால் மதிப்பு" என்று எழுதியதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

டிரேடில் ஆட்டக்காரரை யாரும் சம்மதம் கேட்பதில்லை. மேஜர் லீகில் ஆறு வருட சர்வீஸ் முடியும் வரை அணி வைத்தது சட்டம், எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். இதை எதிர்த்து நின்றவர் கர்ட் ஃபிளட். 1969-இல் கார்டினல்ஸ் அவரை பிலடெல்பியாவுக்கு டிரேட் செய்தபோது போக மாட்டேன் என்றார். தன்னைச் சொத்து மாதிரி வாங்கி விற்க முடியாது என்று கமிஷனர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் தோற்றது. அவருடைய ஆட்டவாழ்க்கையும் கிட்டத்தட்ட அந்தப் போராட்டத்தோடு முடிந்தது. ஆனால் அடுத்த வருட ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் சங்கம் ஒரு விதியை வாங்கியது: பத்து வருட சர்வீஸ் இருந்து, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தால், டிரேடை ஆட்டக்காரர் மறுக்கலாம்.

இப்போது ஜாக்சனைப் பாருங்கள். பத்து வருடம் அவரிடம் இருந்தது. ஒரே அணியில் ஐந்து வருடம் எந்தக் காலத்திலும் இல்லை. கப்ஸில் இருந்த இரண்டரை வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலம், டாம்பா பேவில் மூன்று வருடம், இவைதான் அவர் நீண்ட நாள் தங்கிய இடங்கள். நிலைத்து நின்றவனுக்கு மட்டும் பாதுகாப்பு தருகிற விதி அது. அலைகிறவனுக்குத்தான் அது அதிகம் தேவை, அவனுக்கு அது எட்டவே எட்டாது.

வருடாவருடம் ஊர் மாற்றுவது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்தியானாவிலிருந்து ஒஹாயோ, அங்கிருந்து மறுபடி மிச்சிகன். என் பெண் ஒவ்வொரு புதுப் பள்ளியிலும் முதல் மாதம் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டு வருவாள். எனக்கு வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை, அதனால் வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 3

"ஐபிஎல்லில் ஆரோன் ஃபின்ச் ஒன்பது அணிக்கு ஆடியிருக்கிறாரே, அது மாதிரிதானே" என்று ஒருவர். எண் சரி, நிலைமை வேறு. ஐபிஎல் இரண்டு மாதம். ஏலத்துக்கு ஆட்டக்காரரே பெயர் கொடுக்கிறார். இங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தினமும் ஆட்டம், ஜூலைக் கடைசியில் திடீரென்று ஒரு தொலைபேசி வரும், மறுநாள் வேறு ஊரில் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4

கப்ஸ் விஷயம். கேட்டது நான்கு பேர், எல்லாருக்கும் சேர்த்து.

நான்கு வருடம், 52 மில்லியன் டாலர். முதல் வருடம் 2013-இல் 8 வெற்றி, 18 தோல்வி. நேஷனல் லீகில் அந்த வருடம் அதிகத் தோல்வி அவருக்குத்தான். 2014-இல் 6-15, ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.33 ரன். இதில் காப்பாற்றிப் பேச எதுவும் இல்லை, மோசமாகப் போட்டார். 2015 ஜூலையில் விடுவித்தார்கள்.

பேஸ்பாலில் ஒப்பந்தப் பணம் உத்தரவாதமானது, விடுவித்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். அடுத்து எடுக்கிற அணி லீகின் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும். 2016-இல் அது 5,07,500 டாலர். அந்த வருடம் கப்ஸ் 108 வருடத்துக்கப்புறம் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. ஜாக்சன் அப்போது மயாமியிலும் சான் டியாகோவிலும் பந்து போட்டுக்கொண்டிருந்தார், சம்பளத்தில் பெரும்பகுதி கப்ஸ் பணம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணம் எப்படியும் வந்துவிடும். வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் அட்லாண்டா, மயாமி, சான் டியாகோ, பால்டிமோர் என்று போனார். 2018-இல் நேஷனல்ஸின் மைனர் லீக் அணியில் இருந்தார், மேலே கூப்பிடவில்லை என்றதும் விலகி ஓக்லாண்டில் சேர்ந்தார். அங்கே முதல் ஆட்டம் ஜூன் 25, நோ-ஹிட்டர் போட்ட அதே தேதி, எட்டு வருடம் கழித்து. அந்த சீசன் 6 வெற்றி, 3 தோல்வி, 3.33. ஓக்லாண்ட் பிளேஆஃபுக்குப் போனது. வயது 34, 35. பிரபு, அந்த வருடத்தை மட்டுமாவது ஒரு தடவை பாருங்கள்.

ஆகஸ்ட் 6

2011 வேர்ல்ட் சீரிஸில் ஜாக்சன் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார்கள். நான்காவது ஆட்டத்தை ஆரம்பித்தார், ஏழு வாக் கொடுத்தார், டெக்சாஸ் 4-0 என்று ஜெயித்தது.

ஆனால் ஆறாவது ஆட்டத்திலும் அவர் பெயர் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. பத்தாவது இன்னிங்ஸ், கார்டினல்ஸ் இரண்டு ரன் பின்னால், தோற்றால் சீரிஸே முடிந்தது. இரண்டு பேர் பேஸில். அடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் தீர்ந்துவிட்டார்கள். மேனேஜர் லா ரூஸா முதலில் ஜாக்சனை அடிக்க அனுப்பினார், பெயரும் அறிவித்தாகிவிட்டது. உடனே மனம் மாறி அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு பிட்சரான கைல் லோஷை அனுப்பினார். லோஷ் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு இரண்டு ரன்னர்களையும் முன்னேற்றினார், பின்னால் ஆட்டம் சமனாகி, பதினோராவது இன்னிங்ஸில் டேவிட் ஃப்ரீஸ் ஹோம் ரன்னில் முடிந்தது. பேஸ்பாலின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றின் ஸ்கோர் கார்டில், ஒரு பந்தும் போடாமல், ஒரு பந்தும் சந்திக்காமல் ஜாக்சன் பெயர் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

2019. எழுத வேண்டாம் என்றிருந்தேன், மேலே ஒருவர் 9.58 என்ற எண்ணைப் போட்டுவிட்டார். ஆமாம், அந்த வருடம் ஒன்பது இன்னிங்ஸுக்கு 9.58 ரன். ஓக்லாண்ட் அவரைப் பணத்துக்கு டொராண்டோவிடம் விற்றது. டொராண்டோ ஜூலையில் விட்டது. டெட்ராய்ட் மறுபடி எடுத்தது, பத்து வருடம் கழித்து. டெட்ராய்ட் 114 ஆட்டம் தோற்ற வருடம் அது. ஆகஸ்டில் காமெரிகா பார்க் போனேன். எங்கள் வரிசையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கால் அதே மாதிரி மெதுவாகத்தான் எழும்பியது. பந்துதான் நடுவில் போய் நின்றது, அடித்தார்கள். கல்லூரியிலிருந்து வந்திருந்த என் பெண் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடியும்போதும் எழுந்து கை தட்டினாள்.

ஆகஸ்ட் 10

"அதோடு முடிந்துவிட்டது" என்று எழுதியவருக்கு: இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021. மேஜர் லீக் அணிகள் 40 பேர் பட்டியலில் இருப்பவர்களை விடவில்லை. அதனால் அமெரிக்கா மைனர் லீக் பையன்களையும் பழைய ஆட்களையும் சேர்த்து அணி கட்டியது. ஜாக்சனுக்கு 37 வயது. கூடவே ஸ்காட் காஸ்மிர், 2008-இல் டாம்பா பேவில் ஒன்றாகப் பந்து போட்டவர். இறுதியாட்டத்தில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள். ஓய்வை அறிவித்தது 2022 செப்டம்பரில்.

ஆகஸ்ட் 12

பிரபு கடைசியாக எழுதியது: "சரி, தோற்றவர் என்பதை வாபஸ் வாங்குகிறேன், சாதனை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்." எனக்கு அது போதும். 14 என்பதைச் சாதனைப் பட்டியலில் வைப்பதில் எனக்கும் பெரிய ஆர்வம் இல்லை. அந்த எண்ணை வைத்து அவரை எடை போடாதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஹில்லுக்கு இன்னொரு அணி கிடைத்தால் அவர் 15 ஆவார். கிடைக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். கிடைத்தால் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை நேரம் இருப்பவர்கள் 2010 ஜூன் 25 ஆட்டத்தைப் பாருங்கள், மூன்றாவது இன்னிங்ஸில் அணைத்துவிடாதீர்கள்.